மதுரைச் சீமையில் பல் கட்டிய சரித்திரம்

மதுரைக்குக் கிழக்கே, மேலூர்ப் பக்கத்திலுள்ள திருவாதவூரில் பிறந்து, பாண்டியனுக்கு மந்திரியாய் இருந்து, பின்னர் அனைத்தையும் துறந்து சிவபக்தியிலே கரைந்த மாணிக்கவாசகர், தமது திருவாசகத்தின் திருவுந்தியார் என்னும் பகுதியில், மகளிர் விளையாட்டுப் பாட்டின் மெட்டிலே தக்ஷ யாகத்தின் அழிவைப் பாடும்போது, அந்த யாகத்திற்கு வந்த சூரியனுடைய பற்கள் தகர்க்கப்பட்ட செய்தியையும் சேர்த்தே பாடியிருக்கிறார். வேத மரபில் அந்தத் தேவனுக்குப் பூஷன் என்று பெயர். பல் இழந்தவனாதலால் அவனுக்கு வேள்வியில் மாவும் கூழுமே பாகமாக இடவேண்டும் என்று பிராம்மண நூல்கள் விதிக்கின்றன. சரக சம்ஹிதையோ, உதிர்ந்துபோன அவன் பற்களை அசுவினி தேவர்கள் சிகிச்சை செய்து சீர்ப்படுத்தினார்கள் என்று கூறுகிறது. ஒரு தேவனுடைய ஒரு குறைக்கு இவ்விதம் இரண்டு பரிகாரங்கள் சொல்லப்பட்டன: உணவை மாற்றிக்கொள்வது ஒன்று, வாயையே செப்பனிடுவது மற்றொன்று. வைகைக் கரைச் சமவெளியில் வாழ்ந்த நம் முன்னோர் பன்னெடுங்காலம் முதல் வழியிலேயே நடந்தார்கள் என்பதும், இரண்டாவது வழி மிகச் சமீப காலத்தில், அதுவும் பெரும்பாலும் அயலாருடைய கைவழியாக, இந்நாட்டிற்கு வந்து சேர்ந்தது என்பதுமே இங்கே நான் சொல்லப் புகும் சரித்திரம்.

முதல் வழியின் சின்னமாக நின்றது பாக்குரல். இரும்பிலோ பித்தளையிலோ கைக்கு அடக்கமாகச் செய்த அந்தச் சிற்றுரலும் அதற்கேற்ற குழவியும், பல் போன பாட்டியின் சுருக்குப் பைக்கு அருகே எந்நேரமும் இருந்தன. வெற்றிலையையும் பாக்கையும் சுண்ணாம்பையும், பழக்கம் இருந்தால் துண்டுப் புகையிலையையும் அதிலிட்டு நைய இடித்து அவள் வாயில் போட்டுக்கொள்ள, அந்த இடிக்கும் வேலை பெரும்பாலும் பேரப் பிள்ளைகளுக்கே விழுந்தது. கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் குழையச் சமைத்த சோறும் ஏற்கெனவே ஏழைக் குடியானவனின் நித்திய உணவாய் இருந்தமையால், பல் போனவர்களுக்கென்று தனிச் சமையல் வேண்டியிருக்கவில்லை. குலதெய்வக் கோயிலில் கிடாய் வெட்டிய நாளிலே கூட, முதியவருக்கென்று ஈரலையும் எலும்புச் சாற்றையும் முன்கூட்டியே எடுத்து வைக்கும் வழக்கம் உண்டு. பல் இழப்பின் பாரத்தை வாய் சுமக்கவில்லை, குடும்பம் சுமந்தது. அந்த அன்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும் அந்த அன்புக்கு அடியிலே, மூப்பு வந்தால் பல் போகத்தான் வேண்டும் என்னும் ஒரு தீர்மானம் கல்போல் உறைந்து கிடந்தது என்பதையும், அந்தத் தீர்மானத்தினால் நாற்பது வயதிலேயே பல்லைப் பறிகொடுத்தவர்களும் தங்களைக் கிழவர்களாக எண்ணிக்கொண்டார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

உண்மையில், பல் தானாக அழியும் பொருளன்று. மனித சரீரத்தில் அதனினும் கடினமான வஸ்து வேறில்லை. கீழடியை அடுத்த கொந்தகையில், ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஈமத் தாழிகளில் வைக்கப்பட்ட மனிதரின் எலும்புகளிலே பல மண்ணோடு மண்ணாய் நொறுங்கிப்போக, அவர்களுடைய பற்கள் இன்றும் ஆராய்ச்சிக்கு உதவுகின்றன. அங்கே கிடைத்த மண்டையோடுகள் இரண்டைக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து அக்காலத்து ஆடவர் இருவரின் முகங்களை மீண்டும் உருவாக்கி 2025இல் உலகுக்குக் காட்டினார்கள். மண்ணுக்குள்ளே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாது நிற்கும் ஒரு பொருள், உயிருள்ள வாய்க்குள் ஐம்பது ஆண்டுகள் நிற்கவில்லையென்றால், அதற்குக் காரணம் மூப்பன்று, நோயும் பழக்கமுமே.

அந்தப் பழக்கங்களில் நம் சமவெளிக்கென்றே உரியன சில. வைகைப் பாசனத்தில் தழைக்கும் சோழவந்தான் வெற்றிலை 2023இல் புவிசார் குறியீடு பெறும் அளவுக்குக் கீர்த்தி வாய்ந்தது. திண்டுக்கல் சீமையோ புகையிலைக்கும் சுருட்டுக்கும் பேர் பெற்றது. ஸ்பென்ஸர் கம்பெனியாரின் சுருட்டுகள் அங்கிருந்து புறப்பட்டுக் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. புகையிலை ஈறுகளின் இரத்த ஓட்டத்தைக் குறைத்து, அவற்றில் நோய் முற்றுவதை வெளித் தெரியாமல் மூடி மறைத்துவிடும். பல் ஆடத் தொடங்கிய பிறகே மனிதன் விழித்துக்கொள்கிறான். பூமியும் தன் பங்குக்கு ஒரு தீங்கு செய்தது. நிலக்கோட்டை, உசிலம்பட்டி முதலிய பகுதிகளில் ஆழத்து நீரிலே புளோரைடு என்னும் உப்பு மிகுந்திருப்பதால், அந்நீரைக் குடித்து வளர்ந்த குழந்தைகளின் பற்களில் காவிக் கறை படிந்து, கடுமையான நிலையில் பல்லே பொரிந்து போவதுண்டு. சென்னை ராஜதானியில் இந்த வியாதியை ஷார்ட் என்னும் டாக்டரும் அவருடைய சகாக்களும் நெல்லூர்ப் பகுதியில் கண்டு விவரித்தது 1937இல். அதற்கு முன்னெல்லாம் அது ஊர் வாசி என்றும் தலையெழுத்து என்றும் எண்ணப்பட்டது. இவற்றோடு, இருபதாம் நூற்றாண்டில் காப்பியின் கைப்பிடித்துக்கொண்டு வீடுதோறும் நுழைந்த வெள்ளைச் சர்க்கரையையும் சேர்த்துக்கொண்டால், பல் இழப்பின் காரணங்கள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

பல்லைப் பேணும் முறைகள் நம்மிடம் இல்லாமல் போகவில்லை. கொற்கை முத்தை மகளிர் பல்லுக்கு உவமை சொன்ன புலவர்களைப் பெற்ற பாண்டி நாட்டில் அது இல்லாமலும் இராது. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்னும் பழமொழியை அறியாத குழந்தை இல்லை. வேப்பங்குச்சி, நாயுருவி வேர், உப்பு, உமிக்கரி என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை இருந்தது. விழுந்த பால் பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிந்தால் புதிய பல் ஒழுங்காக முளைக்கும் என்னும் நம்பிக்கையில், முளைக்கப்போகும் பல்லின்மீது வைத்த அக்கறை தெரிகிறது. குச்சிக்கும் கரிக்கும் பிறகு பொடி வந்தபோது, அதில் மதுரைக்கு ஒரு தனிப் பெருமை உண்டாயிற்று: இவ்வூரிலே தயாரான கோபால் பல்பொடி, அந்த இளஞ்சிவப்பு நிறத்தோடும் தித்திப்போடும், தமிழ் நாடு முழுவதும் பரவி, கடல் கடந்து இலங்கைக்கும் மலேயாவுக்கும் போயிற்று. இலங்கை வானொலியின் விளம்பரத்தில் அதன் பெயரைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.

பேணியும் நில்லாத பல்லை என்ன செய்தார்கள்? பல்லுக்குள்ளே புழு இருந்து குடைகிறது என்பது உலகெங்கும் இருந்த நம்பிக்கை; நம் நாட்டிலும் கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு, அந்தப் புகையைக் குழல் வழியாக வலிக்கும் பல்லில் பிடிக்கச் செய்து புழுவை வெளியேற்றுவதாகக் கருதினார்கள். பிரான்சு தேசத்துப் பியேர் போஷார் 1728இல் வெளியிட்ட பல் வைத்திய நூலிலே அந்தப் புழுவை மறுத்த பிறகும், நம் சந்தைகளில் பல் பூச்சி எடுப்பவர்கள் நெடுங்காலம் பிழைத்தார்கள். வலி பொறுக்க முடியாதபோது கதியாக இருந்தவர் நாவிதர். அவர் கேசத்தை மட்டும் மழிப்பவர் அல்லர். கட்டி கீறுவதும் பல் பிடுங்குவதும் அவருடைய தொழிலிலே சேர்ந்தவை, அவர் குலத்துப் பெண்டிரே பிரசவம் பார்த்தார்கள், அதனாலேயே அக்குலத்தார் மருத்துவர் என்று அழைக்கப்பட்டார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்தில், 1069ஆம் ஆண்டை ஒட்டிப் பொறிக்கப்பட்ட சாசனம், அங்கே பதினைந்து படுக்கைகளோடு நடந்த ஆதுலசாலையின் ஊழியர்களை வரிசைப்படுத்தும்போது, வைத்தியருக்கும் சல்லியக்கிரியை செய்பவருக்கும் பணிப்பெண்களுக்கும் கூடவே ஒரு நாவிதரையும் எண்ணுகிறது. நாவிதருடைய பல் பிடுங்கும் குறட்டை இன்று ஏளனமாக நினைப்பவர்கள், ஆயிரம் ஆண்டுகளாக அது ஒன்றே கிராமத்தானுக்குக் கிட்டிய பல் வைத்தியம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிடுங்குவது இருந்தது, கட்டுவது இல்லை. சுசுருதருடைய கிரந்தத்தில் பல்லின் காரையைச் சுரண்டுவதற்குத் தந்தசங்கு என்னும் கருவி இருக்கிறது. போன பல்லுக்கு மாற்று வைக்கும் முறை விளங்கக் காணவில்லை. அதே கிரந்தம் அறுந்த மூக்கைப் புதிதாக அமைக்கும் முறையை விரிவாக உபதேசிக்கிறது என்பதுதான் வியப்பு. மதுரைக்கு மூக்கின் துயரம் நன்றாகத் தெரியும். திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில் மைசூர்ப் படைகள் இந்தச் சீமைக்குள் புகுந்து, கண்டவர்களுடைய மூக்கையெல்லாம் அறுத்துக் கொண்டுபோக, அதற்குப் பதிலாக மதுரைப் படையும் மைசூர் எல்லைக்குள் சென்று அவ்வாறே செய்த கொடிய சம்பவத்திற்கு மூக்கறு யுத்தம் என்றே பெயர். மேற்கே புனா நகரத்தருகில், 1793இல், அறுபட்ட மூக்கை நெற்றித் தோலைக் கொண்டு ஒரு கைவினைஞர் கட்டியதைக் கண்டு வெள்ளைக்கார டாக்டர்கள் பிரமித்து, அடுத்த ஆண்டு லண்டன் பத்திரிகையில் அதை வெளியிடச் செய்தார்கள். மூக்கை வளர்க்கத் தெரிந்த தேசம் பல்லை ஏன் விட்டுவிட்டது? மூக்கு மானத்தின் ஸ்தானமாகவும், பல் வயதின் கணக்காகவும் எண்ணப்பட்டதே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அறுந்த மூக்கு ஒரு அவமானம்; அதைத் தாங்கியவன் ஊருக்குள் நடக்க முடியாது. உதிர்ந்த பல்லோடு உலகமே நடந்தது.

பிற தேசங்களில் பல் கட்டும் கலை முதலிலே செல்வர்களின் அலங்காரமாகவே வளர்ந்தது. பழைய இத்தாலியின் எட்ரஸ்கர்கள் தங்கப் பட்டையால் பல்லைப் பிணைத்தார்கள்; அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வாஷிங்டன் நீர்யானையின் தந்தத்தில் செய்த பற்களோடு அவதிப்பட்டார்; 1815இல் வாட்டர்லூ யுத்தகளத்தில் மாண்ட வாலிபர்களின் பற்களைப் பிடுங்கிச் சீமான்களுக்குக் கட்டினார்கள் என்பதை வாசிக்கும்போது நெஞ்சு பதறுகிறது. சாதாரண ஜனங்களுக்கும் பல் செட் எட்டிய காலம், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துக் காய்ச்சிக் கடினமாக்கும் வழியைச் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்து, 1850களில் அந்த வல்கனைட் என்னும் பொருளால் ஈறு செய்யத் தொடங்கியபோதே வந்தது. வாயின் அச்சை எடுத்து, சாந்தில் வார்த்து, அந்த அச்சுக்குள் ரப்பரை அடைத்து நீராவியில் வேகவைத்தால், அணிகிறவனுடைய தாடைக்கென்றே பொருந்தும் ஈறு கிடைத்தது. அதற்குச் செந்நிறம் ஊட்டியது நம் சித்த வைத்தியர்கள் நன்கறிந்த ஜாதிலிங்கம். அந்தத் தொழில் உச்சத்தில் இருந்த இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலே பால் வெட்டியவர்கள், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போன தமிழ்க் கூலிகள். சீமையிலும் அமெரிக்காவிலும் கிழவர்கள் கடித்துத் தின்பதற்கு உதவிய ஈறுகளில் அவர்களுடைய வியர்வையும் கலந்திருந்தது; அவர்களுடைய தாய் தந்தையரோ ஊரில் பாக்குரலை இடித்துக்கொண்டிருந்தார்கள்.

மதுரைக்கு மேனாட்டு வைத்தியம் அமெரிக்க மிஷன் வழியாக வந்தது. 1834இல் இங்கே கால் ஊன்றிய அந்த மிஷனைச் சேர்ந்தவர்களில் எட்வர்டு செஸ்டர் திண்டுக்கல்லில் மருந்துச் சாலை நடத்தினார். பிராங்க் வான் ஆலன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையிலே ஆஸ்பத்திரி கட்டினார். ஆயினும் அவர்களுக்கு முன் நின்றவை காலராவும் புண்ணும் பிரசவமும். வலிக்கும் பல்லைக் களைவதற்கு அப்பால் பல் வைத்தியத்தில் அவர்கள் சென்றிருக்க இடமில்லை. இந்தியாவில் பல் வைத்தியத்துக்கென்று முதல் கல்லூரியை டாக்டர் ரபியுதீன் அகமது கல்கத்தாவில் நிறுவியதே 1920இல்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் பிரிவு தொடங்கியது 1953இல். அதற்கடுத்த ஆண்டு, எர்ஸ்கின் பிரபுவின் பெயரால் அமைந்து இன்று ராஜாஜியின் பெயரால் விளங்கும் ஆஸ்பத்திரியைச் சார்ந்து மதுரை மருத்துவக் கல்லூரி பிறந்தது.

இந்த இடைக்காலத்தை நிரப்பியவர்கள் கல்லூரி காணாத கைவினைஞர்கள். சீன தேசத்தின் ஹூபே மாகாணத்திலிருந்து புறப்பட்டு, தந்தையிடம் மகன் கற்ற கைத்தொழிலாகப் பல் கட்டுவதைச் செய்துவந்த குடும்பங்கள், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழ் நாட்டு நகரங்களில் வந்து குடியேறி, சீனப் பல் வைத்தியர் என்று பலகை மாட்டிக்கொண்டு, நல்ல தமிழ் பேசித் தொழில் நடத்தின. அவர்களுடைய கைநயத்தின்மீது ஜனங்களுக்கு இருந்த விசுவாசம் இன்றும் முற்றிலும் மறையவில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் பொருள் ஈட்டித் திரும்பியவர்கள் முன்வாயில் தங்கப் பல் பளபளக்க ஊருக்குள் வந்தபோது, கட்டிய பல் ஒரு குறையை மறைப்பதாக அல்லாமல் ஒரு செல்வத்தைக் காட்டுவதாகவும் ஆயிற்று. மற்றொரு புறத்திலே, நடைபாதையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பல் வரிசைகளைப் பரப்பிவைத்து, அரை மணியில் பல் கட்டி அனுப்பியவர்களும் பெருகினார்கள். போன பல்லின் வேரைக்கூட எடுக்காமல், இரு பக்கத்துப் பற்களோடும் கம்பியால் பிணைத்து அவர்கள் ஒட்டிய பல், நல்ல பற்களையும் அழுகச் செய்தது.

1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் இவர்களைக் குறித்து எடுத்த முடிவு எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. பட்டம் பெற்றவர்களை ‘ஏ’ என்னும் பகுதியில் பதிவு செய்த அந்தச் சட்டம், பட்டம் இல்லாவிடினும் ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் அதையே ஜீவனோபாயமாகக் கொண்டிருந்தவர்களை ‘பி’ என்னும் பகுதியில் பதிந்து, தொழிலை நடத்த விட்டது. ஒரு கைத்தொழில் சாஸ்திரமாக மாறும்போது, பழைய கைகளை வெட்டி எறியாமல் அவர்கள் காலம் முடியும் வரை இடம் விட்டுவைத்த கண்ணியம் அதில் இருந்தது. அப்போது வல்கனைட்டும் மறைந்து, அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக் ஈறு வந்துவிட்டது. இன்றும் ராஜாஜி ஆஸ்பத்திரி முதல் சிற்றூர்க் கிளினிக் வரை பல் செட் என்று மக்கள் வாங்குவது அதைத்தான்.

ஆனால் எந்த ஈறும் தீர்க்காத சங்கடம் ஒன்று இருந்தது. பல்லின் வேர் நிற்கும் வரையில்தான், கடிக்கும் விசை அதன் வழியே சென்று தாடை எலும்பை உயிரோடு வைக்கிறது. வேர் போனதும் அந்த எலும்பு ஆண்டுதோறும் கரைகிறது. கீழ்த் தாடையில் இன்னும் வேகமாக. கன்னம் ஒட்டி, மோவாய் மூக்கை நோக்கி எழும் கிழமுகம் தோன்றுவது இதனாலேயே. முதலிலே கச்சிதமாகப் பொருந்திய கீழ் செட், சில ஆண்டுகளில் நாக்கு அசைந்தால் தானும் அசைந்து, ஈற்றைப் புண்ணாக்கி, இறுதியில் தலையணைக்கடியிலோ தண்ணீர்க் கிண்ணத்திலோ கிடக்கிறது. எத்தனையோ வீடுகளில், பணம் கொடுத்துக் கட்டிய பல் கல்யாணத்திற்கும் போட்டோவுக்கும் மட்டும் வாய்க்கு ஏறியதைக் கண்டிருக்கிறேன். சாப்பாடு பழையபடி குழைந்த சோறுதான்.

எலும்பிலேயே பல்லை நடும் எண்ணம் புதியதன்று. ஹொண்டுராஸ் நாட்டில் 1931இல் அகழ்ந்தெடுத்த பழைய தாடைத் துண்டொன்றில், சிப்பியைப் பல் வடிவில் செதுக்கிப் பொருத்தியிருந்தார்கள். அதைச் சுற்றி எலும்பு வளர்ந்திருந்ததைப் பின்னாளில் எக்ஸ்ரே காட்டியது. ஆனால் அதை விஞ்ஞானமாக்கியது ஒரு தற்செயல். ஸ்வீடன் தேசத்து டாக்டர் பெர் இங்வார் பிரானெமார்க், 1952ஐ ஒட்டி, முயலின் கால் எலும்பில் இரத்த ஓட்டத்தைக் கவனிக்க டைட்டேனியத்தால் ஒரு சிறு கருவியைப் பதித்து, ஆராய்ச்சி முடிந்தபின் எடுக்க முயன்றபோது, எலும்பு அந்த உலோகத்தை விடவில்லை. மற்ற உலோகங்கள் பலவற்றைச் சரீரம் அந்நியமென்று தள்ளி, சுற்றிலும் சவ்வு கட்டி ஒதுக்கும். டைட்டேனியத்தையோ, அதன்மேல் படியும் மெல்லிய ஆக்ஸைடு படலத்தின் காரணமாக, எலும்பு நேராகவே தழுவிக்கொள்கிறது. 1965இல் அவர் முதல் மனிதருடைய தாடையில் அத்தகைய திருகுகளைப் பதித்தார். உலகத்துப் பல் வைத்தியர்கள் பதினேழு ஆண்டுகள் சந்தேகத்தோடே பார்த்திருந்து, 1982இல் டொரான்டோ மாநாட்டிற்குப் பிறகுதான் அதை ஏற்றுக்கொண்டார்கள். அந்த உலோகத்தின் தாதுவான இல்மனைட், மதுரைக்குத் தெற்கே குமரிக் கடற்கரையில் மணவாளக்குறிச்சியிலே கருமணலாய்க் கிடக்கிறது என்பது பலருக்கும் தெரியாது.

இன்று மதுரையில் இம்ப்ளாண்ட் என்னும் பலகை இல்லாத பெருந்தெரு இல்லை. கிழக்கு வெளி வீதியில் தென்னிந்தியத் திருச்சபையின் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நகரத்தைச் சுற்றிலும் வேறு கல்லூரிகளும் எழுந்துவிட்டன. தெற்கு ஆவணி மூல வீதித் தட்டான் தோட்டுக்கு இழைக்கும் திருகாணியைப் போன்ற ஒரு சிறு திருகை எலும்பில் பதித்து, கீழ்த் தாடையானால் மூன்று மாதமும் மேல் தாடையானால் ஆறு மாதமும் அது பற்றிக்கொள்ளக் காத்திருந்து, பிறகு அதன்மேல் பல்லைப் பொருத்துவது வழக்கமான முறை. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவருக்கும் புகையிலையை விடாதவருக்கும் அது பற்றாமல் போகக்கூடும். இந்த உண்மையை விளம்பரங்கள் சொல்வதைவிட உரக்க வைத்தியர்கள் சொல்ல வேண்டும். செலவோ, ஒரு பல்லுக்கு ஒரு விவசாயக் கூலியின் பல மாத வருமானம்.

அதனால் அது ஏழைக்கு இல்லை என்று கைவிட வேண்டிய அவசியம் இல்லை. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் 2002இல் கூடிய நிபுணர்கள், பல் முழுவதும் போன கீழ்த் தாடைக்கு முன்பக்கத்தில் இரண்டே திருகுகளைப் பதித்து, சாதாரண செட்டையே அவற்றின்மீது பொத்தான் மாட்டுவதுபோல் மாட்டிவிடுவதே முதல் சிகிச்சையாய் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். வாய் முழுவதற்கும் தனித்தனியாகப் பல் நடும் ஆடம்பரம் அன்று இது. இரண்டு திருகு இருந்தால் செட் ஆடாது, முன்தாடை எலும்பு கரைவதும் குறையும், கடைவாயால் மென்று தின்னலாம். மாவட்ட ஆஸ்பத்திரிகளில் அக்ரிலிக் செட்டைச் செய்து தருகிற அதே மேஜையில், கீழ் வாய்க்கு மட்டும் இந்த இரண்டு திருகுகளையும் சர்க்கார் செலவில் வைக்கத் தொடங்கினால், உசிலம்பட்டியிலும் நிலக்கோட்டையிலும் பொரிந்த பல்லோடு வளர்ந்து ஐம்பதிலேயே வாயை இழந்த தலைமுறைக்கு, முதல் பங்காக அது போய்ச் சேர வேண்டும்.